பிளைவுட் கோபுரமும் இரண்டு சம்பந்திகளும்

கட்சி கட்டாமல் ஒரு காப்பி குடிக்கத் தெரியாத மனிதர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் தெரியும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரன் ஜன்னலைச் சாத்துவான், பின்சீட்டுக்காரன் திற என்பான். இவருக்கு இரண்டு பேரையுமே தெரியாது, தென்காசியில் ஏறியவர், கடையநல்லூர் வருவதற்குள் ஒருத்தனுக்கு வக்கீலாகி, புளியங்குடியில் இறங்கும்போது மற்றவனுக்குப் பரம விரோதியாகியிருப்பார். குற்றாலத்துக்குக் கூட்டிப் போனால் குளிக்க மாட்டார்; மெயினருவி உசத்தியா ஐந்தருவி உசத்தியா என்று கரையில் நின்று சண்டை போடுவார். தலை நனையாது. தொண்டை மட்டும் வறளும். படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயராக வைத்திருப்பார்கள். கல்லாவில் உட்கார்ந்து ஆளைப் பார்த்தே தேறியவர்களுக்கு அதெல்லாம் வேண்டாம். இவர் கட்சிகட்டி, அவ்வளவுதான்.

ராயகிரிப் பக்கம் பைப்புக் கடை வைத்திருக்கும் கைலாசம் இந்த ரகத்தில் முதல் தரம். போன சாரல் சீசனில் அவர் ஊருக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. கதை இதுதான்: விளைச்சல் இல்லாமல் நொடித்துப்போன கிராமம், பூமிக்கடியில் கேஸ் எடுக்க வருகிறார்கள், வேணும் என்று பாதி ஊர், வேண்டாம் என்று பாதி ஊர். குற்றாலத்தில் ரூம் போட்டிருந்த ஆட்கள் தினமும் வேனில் வந்து, தரிசுக் காட்டில் பிளைவுட்டும் தகரமுமாக நாற்பதடிக்கு ஒரு துளை போடும் கோபுரம் கட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, கூட்டத்துக்கு ஊராரையே பிடித்து நிறுத்தினார்கள். வலதுபக்கம் நின்றவர்கள் ‘கேஸ் வேணும்’ கட்சி, ஆளுக்கொரு நீலத் துண்டு. இடதுபக்கம் ‘வேண்டாம்’ கட்சி, கையில் எலுமிச்சைக் கொப்பு.

கைலாசம் வலதுபக்கம். இடதுபக்கம் நின்றவர் அதே ஊர்ப் பரமசிவன், எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர். இந்த இரண்டு பேரும் சம்பந்தியாகப் போகிறவர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கைலாசத்தின் மகள் முத்துச்செல்வியைப் பரமசிவன் மகன் முத்துகுமரனுக்குப் பேசி முடித்திருந்தது. பையன் பட்டாளத்தில் இருக்கிறான். லீவில் வந்ததும் நிச்சயம்.

டைரக்டர் ‘கட்’ என்றார். நூறு பேர் கத்துவதை நிறுத்தினார்கள். இரண்டு பேருக்குக் காது கேட்கவில்லை.

சாயங்காலம் டீக்கடையிலும் அதே காட்சிதான்.

“கேஸு வந்தா வீட்டுக்கு ஒரு வேலைவே. உம்ம மகன் பட்டாளத்துக்குப் போயிட்டான். மத்தவன் மகன் மண்ணையா திம்பான்?”

“கெணறு வத்திப்போச்சுன்னா உம்ம பைப்பைத் திருகுனா தண்ணி கொட்டுமோ? எலுமிச்சை என்னத்தக் குடிக்கும், கேஸையா?”

“அண்ணாச்சிமாரே, அது பிளைவுட்டு” என்றார் டீ மாஸ்டர்.

“ஏலே, இன்னைக்குப் பிளைவுட்டு. நாளைக்கு?” என்று இரண்டு பேரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள்.

வீட்டில் கைலாசத்தின் மனைவி தங்கபுஷ்பம் சொல்லிப் பார்த்தாள். “ஏங்க, அது சினிமா. அவிய கத்தச் சொன்னாவ, நீங்க கத்துனிய. தீந்துது.”

“கொள்கைன்னா என்னன்னு உனக்குத் தெரியாது” என்றார் கைலாசம். அவருக்கே அது முந்தாநாள்தான் தெரியும்.

படம் எடுத்து முடித்து, கோபுரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். பரமசிவன் ஆட்கள் வெடி போட்டார்கள்: விரட்டிவிட்டோமாம்! கைலாசம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தென்காசிக் கலெக்டர் ஆபீசுக்குப் போய், வந்த திட்டத்தை ஊரைவிட்டு அனுப்பக் கூடாது என்று மனுக் கொடுத்தார். எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். படத்தில் வருகிற கம்பெனி பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ரசீது வந்த பிறகு கேஸ் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

முத்துகுமரன் லீவில் வந்தான். மூன்று நாள் மிச்சமிருக்கையில், வெள்ளிக்கிழமை காலையில் நிச்சயம். பத்தரைக்கு ராகு காலம். இன்றைக்கு விட்டால் அடுத்த லீவு எட்டு மாசம் கழித்துத்தான். அதுவரை இந்த இரண்டு வீடும் தாங்குமா?

பத்தேகாலுக்குப் பரமசிவன் தட்டை ஏந்தி நின்றார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. மேலே இரண்டு எலுமிச்சை. எந்தத் தட்டில்தான் எலுமிச்சை இல்லை? கைலாசம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அந்தக் காயை எடுக்கச் சொல்லும்.”

“மொதல்ல உம்ம தோள்ல கெடக்க நீலத் துண்டை எடும்வே.”

கூடத்தில் வந்திருந்த சொந்தமெல்லாம் சத்தமில்லாமல் எழுந்து, பாயை இழுத்துக்கொண்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தது. மணி பத்து இருபது. முத்துகுமரன் சுவரைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றான். சண்டைக்குப் பழகியவன்தான், இந்த மாதிரி எல்லையில் நின்றதில்லை.

முத்துச்செல்வி உள்ளேயிருந்து வந்தாள்.

“எப்பா, அன்னைக்குச் சூட்டிங்ல வடைத் தட்டு வலதுபக்கம் இருந்துது. அதான் நீங்க அங்கன போய் நின்னிய. இடதுபக்கம் இருந்திருந்தா இந்நேரம் எலுமிச்சைக்குக் கொடி பிடிச்சிருப்பிய.”

கைலாசம் திகைத்துப்போனார். யோசித்துப் பார்த்தார். வடை இருந்தது உண்மைதான். ஆனால் வடை இருந்த பக்கம்தானே நியாயமும் இருந்தது? அதற்கு அவர் என்ன செய்வார்?

அவர் யோசித்து முடிப்பதற்குள் பெண் இரண்டெட்டு வைத்து, பரமசிவன் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கிக்கொண்டாள். பத்து இருபத்தைந்து.

தங்கபுஷ்பத்தின் அண்ணன் காமராஜ் துள்ளியெழுந்தார். “பொட்டப்புள்ள தட்டு வாங்குததா? எந்த ஊரு வழக்கம்டே இது?”

“எங்க ஊரு வழக்கம்!” என்றார் கைலாசம். இப்படி ஒரு வழக்கத்தை அவர் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை.

“எம் மருமவ வாங்குதா, நான் குடுக்கேன். உமக்கு எங்கவே எரியுது?” என்றார் பரமசிவன்.

சம்பந்திகள் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று, பத்தரை தாண்டியும், இலை போட்டுப் பாயசம் ஆறும் வரையிலும், காமராஜை நார் நாராகக் கிழித்தார்கள். கல்யாணத்துக்குப் பையனின் அடுத்த லீவில், ஆவணியில் நாள் குறித்தாயிற்று. காமராஜ் வரமாட்டாராம், அவர் பின்னால் பன்னிரண்டு வீடு இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு பெண், பெரியவர்கள் நிற்கும்போது, தன் நிச்சயத் தட்டைத் தானே வாங்கியது சரியா, தப்பா?

அதற்குள் பதில் வந்துவிட்டது, பார்த்தீர்களா? அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. அடுத்த அறையில் இருப்பவரிடமும் கேட்டுவிடலாம் என்று எழுந்திருக்கிறீர்களே, உட்காருங்கள் ஐயா.