கரடி டாக்டரின் கைராசி

ஒரு காட்டில், எல்லாக் காட்டிலும் இருக்கிற மாதிரி ஆறும் மரமும் அரசியலும் இருந்தன. அது போதாதென்று ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தது. அங்கே டாக்டர் தணிகாசலம். ஜாதியில் கரடி. ஆனாலும் டாக்டர் என்பதால் எல்லாரும் மரியாதையாகவே பேசுவார்கள். நாமும் அப்படியே பேசிவிடுவோம்.

தணிகாசலத்துக்குப் படிப்பைவிடக் கைராசிக்குத்தான் பெரிய பேர். அவர் தொட்டால் காய்ச்சல் இறங்கும், கட்டி உடையும், குட்டி தலைகாட்டும் என்று பக்கத்துக் காடுகள் வரைக்கும் பேச்சு. காலையில் வார்டுக்குள் நுழைந்தால் காட்டுப்பன்றியின் சீழ்க்கட்டியை அமுக்கிப் பார்ப்பார். அதே கையால் முயலின் தையலைத் தடவிக்கொடுப்பார். அதே கையோடு பிரசவ வார்டுக்குள் போவார். "எனக்கு டாக்டர், எனக்கும் ஒரு தடவை" என்று கட்டிலுக்குக் கட்டில் கெஞ்சுவார்கள். வார்டு வாசலில் ஒரு குழாய் இருந்தது. அதற்கு மேல் 'கை கழுவும் இடம்' என்று பலகை. அதில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் டிபன் பாக்ஸ் கழுவினார்கள்.

அவர் தொட்ட புண்கள் அநேகமாகச் சீழ் வைத்தன. பிரசவமானவர்களுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. பிழைத்தவர்கள் காடு காடாகப் போய் அவர் கையைப் புகழ்ந்தார்கள். பிழைக்காதவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, வேலிக்கம்பியில் விலாவைக் கிழித்துக்கொண்டு இருளாண்டி என்ற முள்ளம்பன்றி வந்து சேர்ந்தான். தணிகாசலம் தொடப் போனார். குத்தியது. இன்னொரு பக்கமாகப் போனார். அங்கேயும் குத்தியது. மருந்தைத் தூரத்திலிருந்தே ஊற்றச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அவனுக்கு முன்னால் வந்தவர்களெல்லாம் சீழோடு படுத்திருக்க, இருளாண்டியின் புண் ஒரு சொட்டு நீர்கூட வடியாமல் ஆறிவிட்டது.

வீட்டுக்குப் போகச் சொன்னபோது அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"ஒரு தடவைகூடத் தொடலையே டாக்டர். வீட்டுல கேட்டா என்னன்னு சொல்றது?"

"ஆறிடுச்சுல்லப்பா?"

"ஆறுனது ஆறுச்சு. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவன் போன பிறகு தணிகாசலம் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகத்தடியில் நேற்றைய பன்றியும் முந்தாநாள் முயலும் இருந்தார்கள். தான் தொடாத ஒருவன் மட்டும் ஏன் ஆறினான் என்று யோசித்தார். யோசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு வருகிற கஷ்டம் அவருக்கும் வந்தது. இத்தனை வருஷமாக நான் இவர்களைக் குணப்படுத்தினேனா, அல்லது என்னையும் மீறி இவர்கள் குணமானார்களா?

போன மழைக்காலத்தில் ஒரு புள்ளிமான் குட்டி போட்டுவிட்டு, குட்டியை நக்கிக்கொடுக்கக்கூட எழாமல் காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்தாள். விதி என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவள் தங்கை செண்பகம் இப்போது நிறைமாதமாகப் பிரசவ வார்டில் படுத்திருந்தாள். அக்காவின் வயிற்றில் வைத்த கை இதுதான்.

எழுந்து போய்க் கழுவினார்.

முதல் தகராறு காட்டுப்பன்றி சுடலைமுத்துவிடம் வந்தது. கட்டியைப் பார்த்துவிட்டு நேராகக் குழாய்க்குப் போன டாக்டரை அவன் முறைத்தான்.

"என்ன டாக்டர், நம்மளத் தொட்டதும் கழுவுறீங்க? நாங்க சேத்துல புரள்றவங்க, ஒத்துக்கிறேன். அதை இப்படி எல்லாரும் பாக்க வச்சுத்தான் காட்டணுமா?"

"அதுக்கில்ல சுடலை. முயலைத் தொட்டாலும் கழுவுவேன்."

"அப்போ முயலைத் தொட்டுட்டு வந்து என்னைத் தொடுங்க. என்னைத் தொட்டுட்டுக் கழுவாதீங்க."

மத்தியானம் செண்பகத்துக்கு வலி எடுத்தது. தணிகாசலம் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் சொட்ட வந்தார். செண்பகத்தின் மாமியார் கட்டிலுக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

"கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேம்மா."

"ராசியெல்லாம் அந்தச் சாக்கடையில போயிருக்குமே. வெறுங்கையோட வந்து நிக்கிறீங்க. எம் பேரன் எப்படி வருவான்?"

"அம்மா, அத்தை, யாராவது வாங்க" என்றாள் செண்பகம்.

"இருடி. டாக்டர், ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கட்டில் கடமானுக்கு நேத்து ரெட்டைக் குட்டி பொறந்துச்சுல்ல. அவ வயித்தை ஒரு தடவை தொட்டுட்டு, எங்கயும் கழுவாம நேரா இங்க வாங்க. அந்த ராசி அப்படியே ஒட்டிக்கிட்டு வரட்டும்."

கடமானுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு வரும் என்பதில் தணிகாசலத்துக்கும் சந்தேகமில்லை. எது ஒட்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி அவர் எடுத்துச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ராசியை நம்புகிற மாமியார், கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் எப்படி நம்புவது என்று கேட்டாள். செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். நேரமில்லை. தணிகாசலம் தன்னிடம் இருந்த ஒரே சொத்தைத் தூக்கிக் கீழே போட்டார்.

"உண்மையைச் சொல்லிடறேம்மா. என் ராசி போயிடுச்சு. கொஞ்ச நாளா நான் தொட்டது ஒண்ணும் விளங்கல. வெளிய சொல்லல, அவ்வளவுதான்."

மாமியார் இரண்டு அடி பின்வாங்கி மருமகளை மறைத்துக்கொண்டாள். "அப்பவே நெனச்சேன். கிட்ட வராதீங்க. வேற யாரு இருக்கா?"

"ரெஜினா சிஸ்டர் இருக்காங்க."

"அவ கைக்கு ராசி உண்டா?"

"கிடையாது. கெட்ட பேரும் கிடையாது."

ரெஜினா ஒரு மந்தி. கை கழுவச் சொல்லிச் சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து கழுவுகிறவள். அவள் கையை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அதனால் அவள் கழுவுவதையும் யாரும் தடுத்ததில்லை. அன்றைக்கும் கழுவிவிட்டு வந்து குட்டியை எடுத்தாள். செண்பகத்துக்குக் காய்ச்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ராசி போன செய்தி காடு முழுக்கப் பரவியது. நோயைவிட வேகமாகப் பரவியது. தணிகாசலத்தை எந்தக் கட்டிலும் அண்டவிடவில்லை. எட்ட நின்று மருந்தை மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட வேண்டும். புண்கள் மளமளவென்று ஆறின, கடமானும் தேறினாள், வார்டு பாதி காலியானது. "நல்லா இருந்த டாக்டர், பாவம்" என்று குணமானவர்கள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அது அவருக்குக் கொஞ்சம் வலித்தது. செண்பகத்தின் குட்டி துள்ளுவதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது மட்டும் வலிக்கவில்லை.

செண்பகம் வீட்டுக்குப் போகிற அன்று மாமியார் காட்டுமல்லி மாலையோடு வந்தாள். பின்னால் பெரிய கூட்டம். மாலையை ரெஜினாவுக்குப் போட்டு, அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ராசியான கை. இவ்வளவு நாளு எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?"

சுடலைமுத்து புதிதாக முளைத்த கட்டியைக் காட்டினான். ரெஜினா அமுக்கிப் பார்த்தாள். அடுத்து ஒரு நிறைமாத நரி காத்திருந்தாள். ரெஜினா குழாயைத் திறக்கப் போனாள்.

"ஐயையோ, கழுவிடாதம்மா" என்று மாமியார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

தணிகாசலம் அறையிலிருந்து ஓடிவந்தார். "கழுவு ரெஜினா. அவங்க சொல்றதைக் கேக்காத."

"ராசி போன ஆளு, வயித்தெரிச்சல்ல பேசுறாரு" என்றான் சுடலைமுத்து. கூட்டம் சிரித்தது.

ரெஜினா டாக்டரைப் பார்த்தாள். கழுத்து மாலையைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கையை யாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை. குழாயிலிருந்து கையை எடுத்தாள். நரியின் வயிற்றை நோக்கி நடந்தாள்.

நீதி: பிழைக்க ஆசைப்படுகிறவர்கள் ராசி கெட்ட டாக்டராகப் பார்த்துப் போகவும். கூட்டமும் இருக்காது.