வியாழனுக்கு முன் கூப்பிடு

கோட்புஸ்,
திங்கட்கிழமை.

ஃப்ளென்ஸ்பூர்க் கடற்காற்றில் சளி பிடிக்காமல் சௌக்கியமாக இருக்கும் என் அக்காள் மகள் இம்கேவுக்கு, தாய்மாமன் எக்கார்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முட்டிவலி, என் பூனை மூவரும் நலம். உன் அம்மா நலமில்லை. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் கடிதத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறதே.

உன் புது ஃபோன் எண்ணை யாரும் எனக்குத் தர மாட்டேன் என்கிறார்கள், முகவரி மட்டும் கிடைத்தது, அதனால்தான் தபால். உன் அம்மாவின் தொண்டையில் கட்டி. வருகிற வியாழக்கிழமை குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். நாற்பது வருடம் இந்த ஊர் மேடையில் அரசியாகவும் கொலைகாரியாகவும் நின்றவள், பெர்லினில் இருட்டறையில் நின்று அந்த அமெரிக்க நட்சத்திரத்துக்கு முப்பத்தொரு படங்களில் ஜெர்மன் டப்பிங் பேசியவள் (சின்ன வயதில் ஏரியில் தலையை அமுக்கி அவளுக்கு மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான், "என் குரலைவிட உன் குரல்தான் எனக்குப் பொருத்தம்" என்று அந்த நட்சத்திரமே கடிதம் போட்டதாக ஊரெல்லாம் சொல்லிவருகிறேன், போடாவிட்டால் அது அவள் தப்பு), முத்தக் காட்சிக்கெல்லாம் தன் புறங்கையையே முத்தமிட்டுச் சத்தம் கொடுத்தவள், உன் அப்பாவுக்குக் கிடைத்ததைவிட அந்தக் கைக்குக் கிடைத்தது அதிகம். முந்தாநாள் கறிக்கடை வரிசையில், "ஈரல் சாசேஜ் இருநூறு கிராம்" என்றாள். கரகரத்த குரல்தான். ஆனாலும் முன்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அம்மா, அந்தப் படத்துல விமான நிலையத்துல பிரியறப்ப ஒண்ணு சொல்வீங்களே, அதை ஒரு தடவை சொல்லுங்களேன்!" என்றார். "யோவ், வரிசை நகரட்டும்யா, இது என்ன சினிமாக் கொட்டகையா?" என்றாள் கடைக்காரி. உன் அம்மா சொன்னாள். கிழவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைக்காரிதான் முதலில் அழுதாள். நான் அழவில்லை, பக்கத்தில் வெங்காயம் இருந்தது.

சரி, அந்தச் சண்டைக்கு வருகிறேன். ஏழு வருடத்துக்கு முன் உன் முதல் நாடகத்தன்று திரைக்குப் பின்னால், உன் இடது தோளுக்கு மேலே துப்புவதுபோல் "டோய் டோய் டோய்" என்று நாடகக்காரர் வழக்கப்படி அவள் வாழ்த்த, நீ பதற்றத்தில் "நன்றிம்மா" என்றுவிட்டாய். "அடிப்பாவி! அதுக்குப் போய் நன்றி சொல்வாங்களாடி? சொன்னா வாழ்த்து பலிக்காதேடி! போச்சு, எல்லாம் போச்சு!" என்று அவள் கத்த, நீ மேடையில் வசனம் மறந்து மரமாக நிற்க, "நீதான் பயமுறுத்திக் கெடுத்தே, ஊரே கேக்கற உன் குரலை இனிமே நான் கேக்க மாட்டேன்" என்று நீ கிளம்பிப் போக, ஒரு நன்றிக்கு ஏழு வருடம்! நேற்று உன் அம்மா என்னிடம் சொன்னாள்: "டேய் எக்கார்ட், குழந்தை மரியாதையாத்தானேடா சொன்னா. நான்தான் கத்திட்டேன். அதை என் வாயால அவகிட்ட சொல்லணும்டா."

வியாழனுக்கு முன் கூப்பிடு. அவளுடைய எண் மாறவில்லை. மாற்ற அவள் விடவில்லை.

உன் வீட்டு அடுப்பு அணையாமல், உன் கூரை ஒழுகாமல், நீ நூறு வயது தாண்ட வாழ்த்தும்,
எக்கார்ட் மாமா.

பி.கு.: இம்கே, மேலே திங்கள் என்று போட்டிருக்கிறேன். இன்று சனி. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று நீ சிரிக்கக் கூடாதே என்று ஐந்து தடவை திருத்தி எழுதினேன். அக்காளிடம் மட்டும், "அன்னிக்கே தபால்ல போட்டுட்டேன், இந்நேரம் படிச்சிருப்பா" என்று சொல்லிவைத்தேன். செவ்வாயும் புதனும் அவள் ஃபோன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வியாழன் காலை ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது, "பரவால்லடா, அவளுக்கு வேலை இருந்திருக்கும்" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அதில் நான் சேர்த்தது ஒரு சொல்லும் இல்லை. நீ படித்தும் கூப்பிடவில்லை என்றே இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.