வாளித் தண்ணீர் விஷயமாகச் சித்திக்கு

அன்பும் மரியாதையும் கலந்த சித்திக்கு,

நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமாகவே இருப்பீர்கள் என்ற துணிவில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை ஃபோனில், "குழாயத் திறந்தா வர்ற தண்ணிய எதுக்குடி கம்ப்யூட்டர்ல வர வைக்கிற?" என்று கேட்டீர்கள். இனி பதில் தேட வேண்டியதில்லை. திங்கட்கிழமையிலிருந்து என்னைத் தண்ணீரிலிருந்து புகைக்கு மாற்றுகிறார்கள், இனி கணினியில் புகையை வரவைக்க வேண்டும்.

ஒரு வாளித் தண்ணீரில் ரப்பர் பந்து விழுந்தால் தண்ணீர் எப்படி எழும்பும், பந்து எப்படி மிதக்கும் என்பதை இயற்பியல் விதிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டுக் கணினியில் படமாக்குவதுதான் என் ஆராய்ச்சி. முதலில் பந்து வாளியின் அடியைத் துளைத்துக்கொண்டு போனது, அதைச் சரிசெய்தால் கூரைக்குப் பறந்தது, அதையும் அடக்கினால் தண்ணீர் தானாகக் குறைய ஆரம்பித்தது, "எங்கம்மா போச்சு, குடிச்சிட்டியா?" என்று பக்கத்து மேஜை சீனியர் தினமும் விசாரிக்க, நான் நிஜ வாளியும் பந்தும் வாங்கிவந்து ஆய்வுக்கூடத்திலேயே போட்டுக் கேமராவில் எடுத்து, வாளியின் கீறல்வரை கணினியில் அப்படியே செய்து, கடைசித் திருத்தத்தை ஓடவிட்டு, முடிவைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கூட்டத்துக்கு ஓடி, பதற்றத்தில் அங்கே கேமராப் படத்தைப் போட்டுவிட்டேன். பாதியில்தான் உறைத்தது: தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. என் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல.

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர், "தண்ணி இப்படியா எழும்பும்?" என்றார்.

"விளிம்புல துளி ஒட்டிட்டு நிக்குது பாருங்க சார், யாரு நம்புவா?" என்று சீனியர் எடுத்துக்கொடுத்தார்.

"புகைக்குப் போயிடும்மா. அது எங்க போச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க," என்று பேராசிரியர் ஆறுதலாகவே முடித்தார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நிஜத் தண்ணீரே தேறாத இடத்தில் நான் எந்த முகத்தோடு வாதாடுவது? ஆனாலும் இந்தத் தண்ணீரோடு பழகிவிட்டேன் சித்தி, விட்டுப் போக மனசே வரவில்லை.

சித்தப்பாவின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசியை வழக்கம்போல நீளமாகவே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். சற்றுமுன் பார்த்தால் கேமராப் படம் இன்னும் கேமராவிலேயே இருக்கிறது. கணினிக்கு நான் மாற்றவே இல்லை. கூட்டத்தில் ஓடியது, கடைசித் திருத்தத்தில் குறையாமல் நின்ற என் தண்ணீர். உடனே பேராசிரியரிடம் ஓடி, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். ஒன்றைச் சுட்டி, "இதுதான் உன்னோடது, பொய்யின்னு பளிச்சுன்னு தெரியுது," என்றார். அது கேமராவில் எடுத்தது. சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "புகை இருக்கட்டும். அந்த வாளிய இங்க கொண்டு வாம்மா, நானே ஒரு தடவ பந்தப் போட்டுப் பாக்கணும்," என்றார்.