ஆறாவது போளி

நான்காவது போளி தட்டில் விழுந்தபோது வசந்தகுமாரின் இடது காலை மேசைக்கடியில் யாரோ மிதித்தார்கள். யாரோ என்ன, அவர் மனைவி லலிதாதான். "மிச்சம் வைங்க" என்பது அந்த மிதிக்கு அர்த்தம்.

மகள் சுப்ரஜா விரும்பிய மராத்திப் பையன் ஓம்காரின் வீடு அது. அவர்கள் குடியிருக்கும் தாபோடியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் சாங்வியில் பத்து நிமிஷத்து வழி. சம்பந்தி ஆகப்போகிற ஜக்தாப் குடும்பம் முதல்முறையாக விருந்துக்கு அழைத்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் கல்யாணத் தேதி பேசுவதாக ஏற்பாடு. சுப்ரஜாவுக்குச் சனிக்கிழமையும் விமான் நகரில் ஆபீஸ். அவளைக் கூட்டிவர ஓம்கார் போயிருந்தான்.

மிச்சம் வைக்கச் சொன்னது டாக்டர். "மாத்திரை அப்புறம். முதல்ல தட்டுல கால்வாசி மிச்சம் வைக்கப் பழகுங்க. உங்க சுகருக்குக் காரணமே உங்க காலித் தட்டுதான்" என்று சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். வசந்தகுமார் வேலை பார்த்த தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கேன்டீன் கமிட்டி மெம்பர். தட்டு கழுவுமிடத்தில் எச்சில் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மிச்சம் வைத்தவனையெல்லாம் பேர் சொல்லித் திட்டியவர். அவருக்குப் பயந்து ஃபோர்மேன்கூடக் கறிவேப்பிலையை மென்று விழுங்கியிருக்கிறார். அந்த மனிதரைப் போய் மிச்சம் வை என்றால்?

லலிதா சின்னத் தட்டு வாங்கி வந்தாள். அவர் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். ஒரு கைப்பிடி சோற்றை ஓரமாக ஒதுக்கச் சொன்னாள். ஒதுக்கினார், அவள் மோர் எடுக்க உள்ளே போன நேரத்தில் ஒதுக்கியதையும் வழித்துச் சாப்பிட்டார்.

"சுகர் இருக்குன்னு மட்டும் அங்க வாயைத் திறக்காதீங்க. பொண்ணுக்கும் வரும்னு நெனச்சிக்குவாங்க. கம்மியா சாப்டுட்டு எழுந்துடுங்க" என்று காலையில் கிளம்பும்போதே எச்சரித்திருந்தாள். அவளுக்கு அன்று சஷ்டி விரதம். பாலும் பழமும் முடித்துவிட்டு, காவல் காக்க வசதியாக உட்கார்ந்திருந்தாள்.

சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடலாம் என்று வசந்தகுமார் நான்காவது போளியை நாலே வாயில் முடித்தார். ஓம்காரின் அம்மா சுரேகா ஓடிவந்து ஐந்தாவதைப் போட்டாள். மேலே ஒரு கரண்டி நெய்.

"போதும், போதும்" என்றார் இந்தியில்.

சுரேகா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கூச்சப்படாதீங்க, வசந்த்ஜி" என்று இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

சரி, மெதுவாகத் தின்போம் என்று ஐந்தாவதைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டார்.

"போளி பிடிக்கலை போலிருக்கு. சோறு கொண்டா!" என்று எதிரில் உட்கார்ந்திருந்த ஜக்தாப் குரல் கொடுத்தார். அவர் எப்போதோ சாப்பிட்டு முடித்துவிட்டார். விருந்தாளி எழாமல் தான் எழக்கூடாது என்று, காய்ந்த கையோடு தவம் கிடந்தார். சோறு வந்தது. கூடவே குழம்பும் வந்தது. தட்டில் கிடந்தால் வசந்தகுமாரின் கை சும்மா இருக்குமா? அதுவும் காலி.

கடைசியில் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டார். சுரேகா சட்டென்று நின்றாள். அவள் கண்ணில் ஒரு நம்பிக்கை மின்னியது. ஜக்தாப்பும் முன்னால் குனிந்தார். வாசற்படியில் நின்றிருந்த ஓம்காரின் தங்கை முக்தாகூட எட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்காததைக் கண்டு சுரேகா பெருமூச்சு விட்டு, ஆறாவது போளியை அவர் புறங்கை மேலேயே வைத்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சாப்பிட்டால் உடம்புக்கு ஆபத்து. மிச்சம் வைத்தால் கல்யாணத்துக்கு ஆபத்து. வசந்தகுமாருக்கு வேர்த்துவிட்டது.

பாதி போளியைச் சாப்பிட்டார். மறுபாதியை எடுத்தார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். வயிறு, தொண்டை, இடுப்பு பெல்ட் மூன்றும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. இருபத்திரண்டு வருஷத்துக் கேன்டீன் வாளி கண்முன்னே வந்து நின்றது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக அந்தப் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

சுரேகாவின் முகம் வெளுத்தது.

"நல்லா இல்லையா?" என்றாள்.

வசந்தகுமாருக்குத் தாங்கவில்லை. "அமிர்தம் மாதிரி இருக்குங்க. எனக்குச் சுகர். டாக்டர் மிச்சம் வைக்கச் சொல்லிட்டார். பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை, அவ ரிப்போர்ட்டெல்லாம் காட்டறேன்!" என்று கொட்டிவிட்டார்.

லலிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ்வளவுதானே?" என்று ஜக்தாப் துள்ளி எழுந்தார். "எனக்குப் பன்னிரண்டு வருஷமா இருக்கு! இவ எனக்கு ஒரு போளிக்கு மேல கண்ணுல காட்டமாட்டா. வாங்க, கை கழுவுவோம். என் விரலெல்லாம் ஒட்டிக்கிச்சு."

சுரேகா அப்படியே நாற்காலியில் சாய்ந்து, "வீட்டுல இனி மாவே இல்லைங்க. அடுத்த வாட்டி என்ன போடறதுன்னு நடுங்கிட்டிருந்தேன்" என்று சிரித்தாள். லலிதா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தை மாதமே தேதி வைக்கலாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

தட்டில் மிச்சமிருந்த பாதிப் போளியை வசந்தகுமார் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறை. வயிறு கனத்தாலும் மனசு லேசாகிவிட்டது. இருந்தாலும் ஒரு சந்தேகம்.

"போதும் போதும்னு பத்து வாட்டி சொன்னேனே. ஏங்க யாருமே நம்பலை?"

முக்தா வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"'அப்பா போதும்னு சொன்னா நம்பாதீங்க, இலையை மடிச்சாத்தான் போதும்னு அர்த்தம்'னு சுப்ரஜா அண்ணி சொல்லியிருந்தாங்க, அங்கிள். இன்னிக்கு மார்க்கெட்ல வாழையிலை கிடைக்கலை. இந்த ஸ்டீல் தட்டை எப்படி மடிக்கப் போறீங்கன்னுதான் ஒரு மணி நேரமா எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கோம்!"