புலெங்கின் நான்கு சக்கரங்கள்

எவ்வளவு தேய்த்தும் சக்கரத்தின் விளிம்பில் பூத்திருந்த வெள்ளைப் படலம் போகவில்லை. சியாபெலோ கோயில் கிண்ணங்களைத் துலக்கும் பொடியைப் போட்டார். பிறகு பற்பசையைப் போட்டார். படலம் அப்படியே இருந்தது, துணிதான் கறுத்தது.

அவர் தையல்காரர். தென்னாப்பிரிக்காவின் செபொகெங்கில் பாதிச் சபைக்கு அங்கி தைத்தவர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கதவை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பது மட்டும்தான். கார் அவர் மனைவி புலெங்கினுடையது. பெட்டி போலிருக்கும் பழைய பி.எம்.டபிள்யூ, ஊரில் அதைக் குஷேஷே என்பார்கள். சனிக்கிழமைதோறும் திடலில் அதைப் புகை கிளம்பச் சுழற்றுவாள். வண்டி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையாட்டுவாள் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். சியாபெலோ பார்த்ததில்லை. பயம். வீட்டில் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். வாசலில் அவள் காலடி கேட்ட பிறகுதான் நூலை அறுப்பார்.

போன குளிர்காலத்தில் சிறுநீரகம் கெட்டு அவள் இறந்தாள். அடக்கத்தன்று, அவளோடு திடலில் வண்டி சுழற்றும் கூட்டாளிகள் வந்து, கல்லறைப் பக்கம் வண்டியை ஒருமுறை சுழற்றி அவளை வழியனுப்பலாமா என்று கேட்டார்கள். சியாபெலோ போதகரைப் பார்த்தார். அவருக்குப் பதிலாகப் போதகர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது, கல்லறையில் நட்ட பெயர்க்கல்லைத் துணி விலக்கித் திறக்கும் நாள் வருகிறது, சனிக்கிழமை. இந்த முறை அவரே போய்க் கூட்டாளிகளைக் கூப்பிட்டார். அவள் வைத்திருந்த மாதிரியே அந்தச் சக்கரங்கள் பளபளக்க, வண்டி சுழல வேண்டும். அவளுக்காக அவர் செய்ய இனி வேறொன்றும் மிச்சமில்லை.

வீட்டு வாசல் குறுகல் என்பதால் கார் எப்போதும் ஓபெட்டின் டயர்கடைக் கொட்டகையில்தான் நிற்கும். ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுகியதில் சக்கரங்களுக்கு இந்தக் கதி. ஓபெட் அதிகம் பேசாதவன். டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்களை எடுத்துக் கொடுத்தான்.

"சனிக்கிழமைக்கா அண்ணே?"

"சனிக்கிழமைக்குத்தான்."

"நீங்க முன்சீட்டுல உக்காந்து வருவீங்கதானே?"

"வருவேன்."

"அப்பச் சரி. அவளுக்குப் பிடிச்சிருக்கும்" என்றான் ஓபெட்.

பற்பசையும் தோற்றபோதுதான் புலெங்கின் தம்பி கொபானோ வந்து சேர்ந்தான். ரஸ்டன்பர்க் சுரங்கத்தில் பல வருடமாக வேலை. ஊருக்கு வருவது சாவுக்கும் விசேஷத்துக்கும்தான். ஆனாலும் அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"மச்சான், இது மேலே அழுக்கு இல்ல. வார்னிஷுக்கு அடியில பூத்திருக்கு. வார்னிஷை உரிக்கணும்."

உரிக்கும் திரவத்தை அவனே வாங்கி வந்து தாராளமாக ஊற்றினான். வார்னிஷ் உரிந்தது. கூடவே நடுப்பகுதியின் தங்க நிறமும் உரிந்தது. சியாபெலோவின் தையல் மேசை விரிப்பும் கொஞ்சம் உரிந்தது.

"பரவாயில்ல, புதுசா பெயின்ட் அடிச்சுக்கலாம்" என்றான் கொபானோ. "ஆனா முறையா அடிக்கணும்னா பிரிக்கணும். இது மூணு துண்டு சேர்ந்த ரிம். முன் விளிம்பு, பின் விளிம்பு, நடுவுல முகம்."

பிரித்தார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றி மணி மணியாகச் சின்ன போல்ட்டுகள். சியாபெலோ அவற்றை எடுத்த வரிசையிலேயே பட்டன் டப்பாக்களில் போட்டுச் சாக்பீஸால் குறித்துவைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், கொபானோ எல்லா டப்பாக்களையும் ஒரே வாளி மண்ணெண்ணெயில் கொட்டி அலசிக்கொண்டிருந்தான். விளிம்புகளையும் ஒன்றாக அடுக்கிக் கழுவிக் காயவைத்திருந்தான்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே மச்சான்" என்றான்.

தேய்க்கும் வேலையைச் சியாபெலோ யாருக்கும் விடவில்லை. நீரில் நனைத்த உப்புத்தாளை வட்டமாக, ஒரே சீராக ஓட்டினார். தேய்க்கத் தேய்க்க அலுமினியத்தில் அவர் முகம் தெரிய ஆரம்பித்தது. அந்த முகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்தச் சக்கரங்கள் மேல் அவருக்குப் பொறாமை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கோட்டு போட்டு, பாட்டுப் புத்தகத்தோடு வாசலில் காத்திருப்பார். காரை எடுத்து வருகிறேன் என்று விடிந்ததும் போனவள், ஆராதனை மணி அடிக்கப்போகும் நேரத்தில்தான் வந்து நிற்பாள். சக்கரம் நான்கும் சூரியனைத் துண்டு போட்டது போல மின்னும். அவள் விரலிடுக்கில் கிரீஸ் கறுத்திருக்கும். அவளுடைய பாட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பெருவிரல் ரேகை பதிந்திருக்கும். ஒருமுறை கேட்டே விட்டார்: "உனக்கு நான் முக்கியமா, அந்தச் சக்கரம் முக்கியமா?"

அவள் சிரித்தாள். "ஏறுங்க, பாட்டு ஆரம்பிச்சிரும்" என்றாள்.

கொபானோ ஒரு விளிம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "பாருங்க மச்சான், ஒரு கீறல் உண்டா? வாரா வாரம் தரையில உரசி உரசிச் சுத்தின ரிம் இது. கொஞ்சம் மழைப்பூப்பு தவிர ஒண்ணுமில்ல. எங்கக்கா கை அப்படி."

சியாபெலோவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கொபானோ வாங்கிவந்த தங்க நிறம் டப்பாவில் தங்கமாகவும் வெயிலில் கடுகாகவும் இருந்தது. அதையும் உரித்தார்கள். ஒரு போல்ட் துளைக்குள் பழைய நிறம் நகக்கண் அளவு ஒட்டியிருப்பதைச் சியாபெலோ கண்டுபிடித்தார். தன் நூல் அலமாரியைக் குடைந்தார். பாடகர் குழு அங்கியின் கரைக்குப் போட்ட நூல் அந்த நிறத்தோடு அப்படியே பொருந்தியது. நூற்கண்டோடு பெயின்ட் கடைக்குப் போய், இதேபோல் கலந்து கொடுங்கள் என்றார். அந்த வாரத்தில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான். அங்கிக்கு நூல் வாங்க அவரோடு கடைக்கு வந்து, இந்தக் கண்டைத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் புலெங் என்பது திரும்பி வரும் வழியில் ஞாபகம் வந்தது.

பூட்டியபோது ஒரு சக்கரம் மற்றதைவிட ஒரு பிடி அகலமாக நின்றது. பின்சக்கரத்தின் விளிம்பு அகலம் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பக் கழற்றினார்கள். போல்ட்டிலும் இரண்டு நீளம் இருந்தது. நீளமானதைக் குட்டையான இடத்தில் வைத்துக் கொபானோ முறுக்க, அது தலை வேறு முண்டம் வேறாக வந்தது. "இரும்பு மட்டம்" என்றான்.

ஒருவழியாகப் பூட்டி, ஓபெட்டிடம் கொடுத்து டயர் மாட்டிக் காற்றடித்து வீட்டுக்கு உருட்டி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் நான்கும் காற்று இறங்கித் தரையில் படுத்துவிட்டன. எங்கே கசிகிறது என்று பார்க்கக் கொபானோ ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினான். சுற்றிலும் குமிழி பொங்கியது.

புலெங்கின் சித்தி செலினா கையில் இஞ்சியோடு வந்து நின்றாள்.

"இது எந்தத் தொட்டின்னு தெரியுமாடா?"

"தொட்டிதானே சித்தி."

"சனிக்கிழமை வர்றவங்களுக்கு இஞ்சி பீர் ஊறப்போற தொட்டி. பாட்டுப் பாடி முடிச்சு எல்லாரும் டயரைக் குடிக்கட்டும்." பிறகு சியாபெலோவைப் பார்த்தாள். "கல்லுக்குப் போர்த்துற துணி தைச்சாச்சா, மாப்பிள்ளை?"

தைக்கவில்லை. சியாபெலோ தொட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு, துணியை எடுத்து மிஷினில் போட்டார்.

துண்டுகளுக்கு நடுவே என்ன பசை போட்டீர்கள் என்று ஓபெட் மறுநாள் கேட்டபோது, குளியலறை மூலைக்குப் பூசுகிறதுதான் என்று கொபானோ தைரியமாகச் சொன்னான். ஓபெட் சிரிக்கவில்லை. வேறொரு பசைக் குழாயை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தானும் ஸ்பேனரோடு உட்கார்ந்தான். மூவருமாகத் திரும்பவும் பிரித்தார்கள், திரும்பவும் பூட்டினார்கள். இந்தமுறை காற்று நின்றது.

சனிக்கிழமை, புலெங்கின் கூட்டாளி ஒருத்தி ஓட்ட, சியாபெலோ கோட்டு போட்டு முன்சீட்டில் உட்கார்ந்து கல்லறைக்குப் போனார். தெருவே நின்று சக்கரத்தைப் பார்த்தது. ஜெபம் முடிந்து துணியை விலக்கினார்கள். கல்லில் அவள் பெயர் புதிதாக, கூர்மையாக இருந்தது. பெண்கள் பாடினார்கள். சியாபெலோவும் பாடினார்.

பிறகு எல்லோரும் வேலிக்கு அப்பாலிருந்த திடலில் வட்டமாகக் கூடினார்கள். போதகரும் வந்து ஓரமாக நின்றார்.

ஓபெட் தன் வண்டியிலிருந்து ஜாக்கியை இறக்கினான். கூடவே துருப்பிடித்த கறுப்பு இரும்புச் சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தான். டயர்கள் வழுக்கையாக இருந்தன. குஷேஷேயின் பின்பக்கத்தைத் தூக்கி, பளபளத்த சக்கரத்தின் நட்டைத் திருக ஆரம்பித்தான்.

சியாபெலோ வட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவன் கையைப் பிடித்தார். அவர் இவ்வளவு அழுத்தமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"கழட்டாதே ஓபெட். பாழானாப் பாழாகட்டும். அவ எதுல சுத்தினாளோ அதுலயே சுத்தட்டும்."

கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓபெட் ஸ்பேனரைத் தரையில் வைத்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அண்ணே, அவ சுத்தினது இந்த இரும்புலதான். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கொட்டகைக்கு வந்து, இதைக் கழட்டிட்டு அந்த நாலையும் மாட்டுவா, உங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு."