வைதேகியின் ஊசிக்கு ஏழு விடைத்தாள்கள்

கிழக்குத் தாம்பரம்
18.10.1993

சிரஞ்சீவி தோத்தாத்ரிக்கு அத்திம்பேர் பட்டாபிராமனின் அநேக ஆசீர்வாதங்கள். இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். லண்டன் குளிரில் நீயும் சௌக்கியமாக டாக்டர் தொழில் பார்க்கப் பெருமாள் அருள வேண்டியது. கவலையெல்லாம் குழந்தை வைதேகியைப் பற்றித்தான்.

மழை பிடித்தால் அவளுக்கு இழுப்பு வருகிறது, போன வருஷம் ஃப்ளூவில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அதற்காக நீ நண்பர் கையில் ஐஸ் பிளாஸ்கில் தடுப்பூசி கொடுத்தனுப்பினாய், எல்லாம் சரி. ஆதாரம் இல்லாமல் என் பெண்ணுக்கு எதையும் குத்த விடமாட்டேன் என்று நான் எழுதியதற்கு ஏழு ஆய்வுக் கட்டுரைகளையும் அனுப்பினாயே, அங்கே பிடித்தது சனி. இருபது வருஷமாகப் பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் திருத்துகிறவன் நான். பெயரைப் பார்த்து மார்க் போடக் கூடாதென்று ஏழின் தலைப்பையும் கத்தரித்து, எண் கொடுத்து, சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். ஒன்றாம் தாளில் இருநூறு குழந்தைகளோடு தொடங்கி நூற்றுமுப்பதோடு முடிக்கிறார்கள். மீதி எழுபது பேர் எங்கே போனார்கள் என்று ஒரு வரி இல்லை. இரண்டாவதில் தொண்டையைப் பரிசோதிக்காமல் மூக்கு ஒழுகியதையெல்லாம் ஃப்ளூ என்று சேர்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஐப்பசியில் தாம்பரம் முழுக்க ஃப்ளூதான். மூன்றாவதில் எந்தக் குழந்தைக்கு நிஜ மருந்து, எதற்கு வெறும் தண்ணீர் என்று டாக்டருக்கே முன்கூட்டித் தெரியும். ஐந்து, ஆறு, ஏழு, வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதின தாள்கள். நாலாவது ஒன்றுதான் ஒழுங்கு, எண்பத்திரண்டு போட்டேன். சந்தோஷமாக அதன் தலைப்பைத் தேடி ஒட்டிப் பார்த்தால், ஆய்வுச் செலவு மொத்தமும் ஊசி தயாரிக்கிற கம்பெனியுடையதாம். பையனே கேள்வித்தாளும் தயாரித்தால் எண்பத்திரண்டு வாங்க மாட்டானா? வந்த எரிச்சலில் ஏழையும் மறுபடி முதலிலிருந்து திருத்தினேன்.

இதில் ஒன்பது நாள் போயிற்று. போன வாரம், உன் ஊசி மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிற கிளினிக் நர்ஸ் ஜெயசீலி வழிமறித்து, "இன்னா சார், போடறீங்களா இல்லியா? சனிக்கெழமைக்கு அப்பால டாக்டர் லீவு" என்றாள். உன் அக்கா, "மழை வந்தாச்சு. நீங்க திருத்திண்டே இருங்கோ" என்று போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, தோத்தாத்ரி. போட்டு ஏதாவது ஆனாலும் என் தப்பு, போடாமல் ஏதாவது ஆனாலும் என் தப்பு.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். தகுந்த ஆதாரம் வரும்வரை ஊசி கிடையாது. நல்ல தாளாக நாலைந்து அனுப்பு. தலைப்பை நீயே கத்தரித்துவிட்டால் எனக்கு வேலை மிச்சம். சகல மங்களமும் உனக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பட்டாபிராமன்

பி.கு.: கவரை ஒட்டப் பசை கேட்டபோதுதான் உன் அக்கா சொன்னாள். முந்தாநாளே வைதேகிக்கு ஊசி போட்டாயிற்றாம். குழந்தைக்குக் கை வலிகூட இல்லை. எனக்குத்தான் மத்தியானத்திலிருந்து குளிர் ஜுரம், உடம்பெல்லாம் வலி. இனி வருஷா வருஷம் எனக்கும் சேர்த்து ஒரு ஊசி அனுப்பு. கட்டுரை வேண்டாம்.