எட்டாம் இடத்துக்காரியின் பாட்டி எழுதுவது

விளையாட்டுப் பக்கம் எழுதும் ஐயா அவர்களுக்கு,

பெரிய விளையாட்டரங்கில் இருபத்தாறு வருஷம் தரை துடைத்து, மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றவள் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாகக் கண் நன்றாக இருக்க வேண்டும். கண்ணை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், சனிக்கிழமை தொடங்கும் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு எந்த அணி எத்தனையாவது வரும் என்று நேற்று நீங்கள் வரிசை போட்டிருந்தீர்கள். முதல் இடத்துக்கு இருபத்திரண்டு வரி, போட்டோ வேறு. எட்டாவது இடத்துக்கு ஒரே வரி: "பங்கேற்பதே பெருமை." அந்த எட்டாவது அணியின் கேப்டன் என் பேத்தி.

"பேப்பர்லயே போட்டுட்டாங்க பாட்டி. மொத ஆட்டமே அந்த ஒண்ணாம் நம்பரோட. எல்லார் முன்னாடியும் போய் அடி வாங்கணுமா?" என்று ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள். பயிற்சிக்குப் போகவில்லை. கேப்டனே போகாவிட்டால் மற்ற ஆறு பேர் எதற்குப் போவார்கள்? கோச்சம்மா மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் "குளிக்கிறா" என்று சொன்னேன். நாலாவது தடவைக்கு என்ன சொல்வது என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்.

நான் நாலாவது வரைதான் படித்தவள். ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது. பதினோரு வருஷம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை, உங்கள் முதல் இடத்துக் கல்லூரியின் கோச் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நான் அப்போதுதான் துடைத்த தரையில் சேற்று ஷூவோடு குறுக்கே நடந்து, வழுக்கி உட்கார்ந்து, "ஏம்மா, ஈரம்னு சொல்லக்கூடாதா?" என்று என்மேலேயே பாய்ந்தார். இரண்டு தடவை சொன்னேன் ஐயா! அந்தக் கோபத்தில் இதை எழுதவில்லை. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறு விஷயம். நான் சொல்வது தரை சொன்னது. ஓய்வு பெறும்வரை பாதி ஆட்டத்தில் ஓடிப்போய்த் துடைப்பேன் இல்லையா, அப்போது அந்தக் கல்லூரிப் பெண்கள் பந்து போடுகிற கூடைக்குக் கீழே ஷூ தேய்ந்த கறுப்புக் கோடு கோடாக இருக்கும். அவர்கள் காக்க வேண்டிய கூடைப் பக்கம் பார்த்தால் அவர்கள் ஷூக் கோடு ஒன்றுகூட இருக்காது. பந்து போட ஓடுவார்கள். போட்ட பிறகு திரும்பி ஓட மாட்டார்கள். அந்த ஆறடிப் பெண் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவாள். நீங்கள் அவளைத்தான் "கோபுரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபுரம் நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் இடத்துக்கு வருவோம். அங்கே நன்றாக ஆடுகிற இரண்டு பெண்களும் பேசிக்கொள்வதில்லை. உடை மாற்றும் அறையில் ஆளுக்கொரு மூலை. ஒருத்தி கையில் இருக்கும் பந்து இன்னொருத்திக்கு எப்படிப் போகும்? தபாலிலா?

எங்கள் பிள்ளைகள் குள்ளம்தான், ஏழே பேர்தான், இரண்டு பேர் ஷூவில் ஒட்டுப்போட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் கோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். துடைத்து என் இடுப்பு போய்விடும். ஆகவே வெள்ளிக்கிழமைப் பேப்பரில் வரிசையைத் திருத்தி, இந்தக் கடிதத்தையும் கீழே போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் குறைவில்லாமல் இருக்கட்டும். பேத்தி இருந்தால் அவளைப் பற்றி யாரும் ஒற்றை வரியில் எழுதாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எட்டாம் இடத்துக்காரியின் பாட்டி

பின்குறிப்பு: பிழை பார்க்கச் சொல்லி இதைப் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். கறுப்புக் கோடு வந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தாள். "பாட்டி, இத ஏன் இத்தனை நாளா சொல்லல?" "நீ என்னைக்குடி கேட்ட?" ஒரு ஷூ காலிலும் ஒன்று கையிலுமாகக் கோச்சம்மாவிடம் ஓடியிருக்கிறாள். ஆகவே ஐயா, தயவுசெய்து எதையும் திருத்த வேண்டாம். கடிதத்தைப் போடவே வேண்டாம், படித்ததும் கிழித்துவிடுங்கள். எங்களை எட்டிலேயே வையுங்கள். ஒன்பது இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பச்சைச் சட்டைக்காரரை மட்டும் வெள்ளிக்கிழமை இன்னும் பத்து வரி புகழ்ந்து எழுதுங்கள். அப்படியானால் கடிதத்தை எதற்கு அனுப்புகிறாய் என்று கேட்பீர்கள். உங்களை நான் திட்டியது உங்களுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது பாருங்கள்.